வாக்குச்சாவடி வாசலில் நமது உரிமை: கடந்து வந்த பாதையும் கைவசமுள்ள சட்டமும்



சில தேர்தல்களுக்கு முன்னர் நமது மஹல்லாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, வாக்காளர் அடையாள அட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பேத்தியின் தோளைப் பற்றியவாறு வாக்குச்சாவடிக்கு வந்தார். ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசையில் நின்றார். உள்ளே சென்ற சில நிமிடங்களில் திரும்பி வந்துவிட்டார். அவருடைய வாக்கு காலையிலேயே பதிவாகிவிட்டதாக அலுவலர் கூறினாராம். வெளியே நின்றிருந்த நம்மிடம் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "நான் போடாத ஓட்டை நான் போட்டதாக எழுதிவிட்டார்களே, அது எப்படி வாப்பா?"

நாம் என்ன பதில் சொன்னோம் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுவதே முறை. "போனால் போகட்டும் உம்மா, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அந்த நிலையிலும் அவர் தமது வாக்கைச் செலுத்துவதற்குச் சட்டத்தில் தெளிவான வழி இருந்தது. அது அவருக்குத் தெரியாது. படித்தவர்கள் என்று பெயர் பெற்றிருந்த நமக்கும் தெரியாது.

வாக்குரிமையைப் பறிகொடுப்பவர்களில் பலர் சட்டத்தால் தடுக்கப்படுவதில்லை. சட்டம் தந்திருக்கும் வழியை அறியாமல் திரும்பிவிடுகிறார்கள். அந்த வழிகள் ஒவ்வொன்றும் எவ்வாறு உண்டாயின, இன்று அவை என்ன நிலையில் உள்ளன என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

சொத்துடையோர்க்கே வாக்கு

இன்று 18 வயது நிறைந்த குடிமகன் எவரும் வாக்காளராகலாம் என்பதை நாம் இயல்பான ஒன்றாகக் கருதுகிறோம். நம் பாட்டனார் காலத்தில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அமைத்தது. 1919ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தொடர்ந்தது. எனினும் அத்தொகுதிகளில் வாக்களிக்கும் தகுதி சிலருக்கே இருந்தது. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி ஆகியவற்றைச் செலுத்துவோரும் குறிப்பிட்ட அளவு சொத்துடையோருமே பட்டியலில் இடம்பெற்றனர். 1920ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றபோது, நான்கு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டோரே வாக்காளர்கள். நூறு பேரில் மூவர் என்று கணக்கிடலாம்.

தறி நெய்தவரும், தோல் பதனிட்டவரும், கடலில் தோணி செலுத்தியவரும், தெருத்தெருவாகத் துணி விற்றவரும் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிதாயிருந்தது. பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியிருந்தது. 1921ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றம், பெண் என்பதற்காக வாக்குரிமையை மறுக்கும் தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதில் முன்னின்றது நமது மாகாணமே என்பது பெருமைக்குரியது. ஆயினும் சொத்துத் தகுதி நீடித்ததால் மிகச் சில பெண்களே பயன் பெற்றனர். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எழுத்தறிவையும் ஒரு தகுதியாகச் சேர்த்து வாக்காளர் எண்ணிக்கையைப் பெருக்கியது. அப்போதும் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ மூன்று கோடியினரே.

இதிலிருந்து ஓர் உண்மையை உணரலாம். அன்று நமக்கெனத் தனித் தொகுதி இருந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் வாக்கு இல்லை.

அரசியல் நிர்ணய சபையில்

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பை வகுத்த சபையில் இப்பொருள் விரிவாக விவாதிக்கப்பட்டது. 1947 ஆகஸ்டில் தனித் தொகுதி முறையைக் கைவிடுவது என்ற பரிந்துரை வந்தபோது, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப் அதை எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தார். 1949 மே மாதத்தில் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீடும் வேண்டாம் என்று சபை முடிவெடுக்க முற்பட்டபோது, கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் எழுந்து தனித் தொகுதி தொடர வேண்டுமென வாதிட்டார். அதே சபையில் பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்கள் பொதுத் தொகுதியே நன்மை பயக்கும் என்று கருத்துரைத்தனர். வாதங்கள் இரு பக்கமும் நேர்மையுடன் முன்வைக்கப்பட்டன. முடிவில் சபை பொதுத் தொகுதியையே ஏற்றது. முடிவு தமது கருத்துக்கு மாறாக அமைந்தபோதிலும், காயிதே மில்லத் அவர்கள் அந்தப் பொது வாக்காளர் பட்டியலை நம்பியே மக்களிடம் சென்று, 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியில் வென்று மக்களவையில் அமர்ந்தார்கள் என்பது வரலாறு.

அச்சபை நமக்கு அளித்த இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான் இருக்கும் என்றும், சமயம், இனம், சாதி, பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எவரையும் அப்பட்டியலில் சேர்க்க மறுக்கலாகாது என்றும் 325ஆம் பிரிவு கூறுகிறது. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பது 326ஆம் பிரிவு. தொடக்கத்தில் 21ஆக இருந்த வயது வரம்பு, 61ஆவது திருத்தத்தின் மூலம் 1989இல் 18ஆகக் குறைந்தது.

இங்கே இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அரசியலமைப்பு நிறைவேறுவதற்கு முன்பே, 1948இல் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கிவிட்டது. பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்த காலம் அது. அவர்களிடம் முகவரியோ ஆவணமோ இல்லை. தாம் இவ்வூரிலேயே நிலையாக வசிக்க எண்ணுகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்றுப் பெயரைச் சேர்க்குமாறு அரசியல் நிர்ணய சபையின் செயலகம் மாகாணங்களுக்கு அறிவுறுத்தியது. புதிய நாடு தனது குடிமக்களின் சொல்லை நம்பியே தொடங்கியது.

பெயர் சொல்லாத பெண்கள்

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்றது. வாக்காளர்கள் 17 கோடியே 32 இலட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எனவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சீட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. தாம் விரும்பிய பெட்டியில் இட்டால் போதும். பெண்களுக்கென்றே 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன.

இத்தனை ஏற்பாடுகளுக்கிடையிலும் ஒரு பெரும் இழப்பு நேர்ந்தது. கணக்கெடுக்க வந்தவர்களிடம் வட மாநிலங்களைச் சேர்ந்த பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிவு செய்தனர். அந்நிய ஆடவரிடம் பெயர் சொல்வது கூடாது என்பது அங்கு நிலவிய வழக்கம். பெயரில்லாத பதிவை ஏற்க இயலாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். அதன் விளைவாக, ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 இலட்சம் பேர் பட்டியலில் இடம்பெறாமல் போயினர்.

அது கண்டிப்பான முடிவு என்று அன்றே சிலர் குறை கூறினர். ஆனால் அடுத்த தேர்தல் வருவதற்குள் நிலைமை பெரிதும் சீரடைந்தது. பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்டனர்.

இது எங்கோ வடக்கில் நடந்த பழங்கதை என்று நாம் கடந்துவிடலாகாது. நமது வீடுகளில் இன்றும் இதன் சாயல் உண்டு. குடும்ப அட்டையில் 'பாத்திமா', அடையாள அட்டையில் 'பாத்துமா', ஆதாரில் 'ஃபாத்திமா பீவி' என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பதைக் காண்கிறோம். மைதீன், மொய்தீன், முஹ்யித்தீன் என்று ஒரே பெயர் மூவிதமாக எழுதப்படுகிறது. திருமணமாகி வீடு மாறிய பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலிலும் இல்லாமல், புகுந்த வீட்டுப் பட்டியலிலும் இல்லாமல் நின்றுவிடுகிறது. பெயரைச் சரியாகப் பதிவு செய்யாததன் விளைவை 1951ஆம் ஆண்டே நமக்குக் கற்பித்துவிட்டது.

பட்டியலே அடித்தளம்

1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. அவ்வழக்கு நமது தமிழ் மண்ணிலிருந்து சென்றதாகும். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமி என்பார் தொடுத்த அவ்வழக்கில், வாக்களிக்கும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் சட்டத்தால் உண்டானவை. அச்சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டே அவற்றைப் பயன்படுத்த இயலும் என்று நீதிமன்றம் கூறியது. இதன் நடைமுறைப் பொருள் எளிது. சட்டம் கூறும் முறைப்படி, கூறும் காலத்திற்குள் நாம் செயல்பட்டால்தான் உரிமை கைகூடும்.

பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது என்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. அடையாள அட்டை கையில் இருப்பினும் பட்டியலில் பெயர் இல்லையேல் அட்டையால் பயனில்லை. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பின்னர் அத்தேர்தலுக்காகப் புதிய பெயரைச் சேர்க்கவும் முடியாது. ஆகவே தேர்தல் நாளன்று காலையில் பெயரைத் தேடுவது காலங்கடந்த செயலாகும்.

பெயர் சேர்க்கப் படிவம் 6. பிறர் பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கவும் நீக்கக் கோரவும் படிவம் 7. பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி 1ஆம் நாளை மட்டுமே வயதுக் கணக்கின் அடிப்படையாகக் கொண்டிருந்த நிலை 2022இல் மாறியது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் இப்போது தகுதி நாள்களாகும். 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

ஒருவர் அவ்விடத்தில் வசிக்கவில்லை என்றோ, வாக்காளராகும் தகுதியற்றவர் என்றோ கூறிப் பெயரை நீக்க வேண்டுமாயின், அவருக்குத் தமது தரப்பை எடுத்துரைக்க நியாயமான வாய்ப்பு அளித்த பின்னரே நீக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பதிவு அலுவலரின் முடிவை ஏற்காதவர் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அதன் பின்னர் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

இத்தொடர்பில் 1995 பிப்ரவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய லால் பாபு ஹுசைன் வழக்கின் தீர்ப்பு நினைவில் நிறுத்தத்தக்கது. மும்பை, தில்லி நகரங்களின் சில பகுதிகளில், ஏற்கெனவே பலமுறை வாக்களித்திருந்தவர்களிடம் "நீங்கள் இந்தியக் குடிமக்கள் என்று நிரூபியுங்கள்" என அறிவிப்பு அனுப்பப்பட்டது. காவல்துறை அறிக்கையே அதற்கு அடிப்படை. தலைமை நீதிபதி ஏ.எம். அஹ்மதி தலைமையிலான அமர்வு பாதிக்கப்பட்டோரின் முறையீட்டை ஏற்றது. ஒருவரின் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால், அது உரிய விசாரணைக்குப் பின்னரே சேர்க்கப்பட்டது என்று கொள்ள வேண்டும். ஐயம் இருப்பின் அதற்கான ஆதாரத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தரும் ஆவணங்களைத் திறந்த மனத்துடன் ஆராய வேண்டும். காவல்துறை அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது என்று நீதிமன்றம் வகுத்துரைத்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூனில் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி தொடங்கியது. ஆகஸ்ட் 1ஆம் நாள் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. விடுபட்டோரின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் உத்தரவிட்டது. ஆதார் அட்டையையும் அடையாளச் சான்றாக ஏற்குமாறு செப்டம்பரில் பணித்தது. தமிழ்நாட்டில் இப்பணி 2025 நவம்பர் 4 அன்று தொடங்கி, டிசம்பரில் வரைவுப் பட்டியல் வெளியானது. அதில் விடுபட்ட பெயர்கள் சுமார் 97 இலட்சம். இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. இறந்தவர் பெயர் நீக்கப்படுவது முறையே; அதை நாமே தெரிவிப்பதும் கடமையே. ஆனால் வீடு பூட்டியிருந்ததாலோ, படிவத்தைத் திருப்பித் தராததாலோ உயிருடன் இருப்பவர் பெயர் விடுபட்டிருந்தால், அதைக் கண்டறிந்து உரிய நாளுக்குள் விண்ணப்பிக்கும் பொறுப்பு நம்முடையது.

வாக்குச்சாவடிக்குள் நமக்குள்ள உரிமைகள்

பட்டியலில் பெயர் உறுதியான பின், வாக்குச்சாவடியில் எழக்கூடிய சிக்கல்களைக் காண்போம். இவற்றில் பலவற்றுக்கு 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளே விடை தருகின்றன.

அடையாள அட்டை தொலைந்துவிட்டால்: வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை, டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அது இல்லையெனில் ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் போன்று ஆணையம் அறிவிக்கும் ஆவணங்களுள் ஒன்றைக் காட்டலாம். வீடு தேடி வரும் வாக்காளர் சீட்டை மட்டும் அடையாளச் சான்றாக 2019 முதல் ஏற்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால்: பட்டியலில் உள்ளவரும் வந்திருப்பவரும் ஒருவரே என்று தலைமை அலுவலர் திருப்தியடைந்தால், எழுத்துப் பிழையையும் அச்சுப் பிழையையும் அவர் பொருட்படுத்தலாகாது என்பது விதி. 'மைதீன்' என்பதும் 'மொய்தீன்' என்பதும் வாக்கை மறுக்கக் காரணமாகா.

பர்தா அணிந்த பெண்கள்: 2006ஆம் ஆண்டில் மதுரை மத்திய தொகுதி இடைத்தேர்தலையொட்டி, முஸ்லிம் பெண்களின் புகைப்படத்தை வாக்காளர் பட்டியலில் அச்சிடலாகாது எனக் கோரும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. எனவே அடையாளத்தைச் சரிபார்க்க முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அதை ஒரு பெண் அலுவலரிடம், மறைவான இடத்தில், கண்ணியத்திற்குக் குறைவின்றிச் செய்யுமாறு கேட்பதற்கு நம் பெண்களுக்கு உரிமையுண்டு. ஆணையத்தின் வழிகாட்டுதலும் அவ்வாறே உள்ளது.

ஆள் மாறாட்டம் என்று முகவர் ஆட்சேபித்தால்: ஒரு வாக்காளரை ஆட்சேபிக்கும் முகவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபிக்கப்படாவிடில் வாக்காளர் வாக்களிக்க அனுமதிக்கப்படுவார். ஆட்சேபம் வந்தவுடன் அஞ்சி வெளியேற வேண்டிய அவசியம் இல்லை.

நமது வாக்கை வேறொருவர் பதிவு செய்திருந்தால்: அந்த மூதாட்டிக்கு நேர்ந்தது இதுவே. விதி 49பி-யின்படி, கேட்கும் கேள்விகளுக்கு அவர் திருப்திகரமாக விடையளித்தால், அவருக்கு 'ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு' வழங்கப்பட வேண்டும். மக்கள் இதை 'டெண்டர் ஓட்டு' என்பர். இயந்திரத்தில் அல்லாமல் அச்சிட்ட சீட்டில் முத்திரையிட்டுக் கொடுக்க, தலைமை அலுவலர் அதைத் தனி உறையில் வைத்துப் பாதுகாப்பார். 2018இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வாயிலாகவே நம்மில் பலர் இவ்விதியைக் கேள்விப்பட்டனர். இவ்வாக்கு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. எனினும் வீண் என்று கருதலாகாது. 2008ஆம் ஆண்டு இராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்று, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அத்தேர்தல் வழக்கில் இவ்வகை வாக்குகள் பற்றிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மேலும், நாம் இவ்வாக்கைச் செலுத்தும்போது மோசடி நடந்தது என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிவும் உண்டாகிறது. பேசாமல் திரும்பினால் அப்பதிவும் இல்லை.

பார்வையற்றோரும் இயலாதோரும்: 18 வயது நிறைந்த ஒரு துணையாளரை உள்ளே அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மட்டுமே துணையாகலாம். 85 வயதைக் கடந்தோரும், 40 விழுக்காட்டிற்குக் குறையாத மாற்றுத்திறனாளிகளும் உரிய காலத்தில் படிவம் 12டி அளித்து வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்குச் செலுத்தலாம்.

சீட்டில் வேறு சின்னம் தெரிந்தால்: வாக்கை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு ஏழு வினாடிகள் கண்ணாடி வழியே தெரியும். அதில் தாம் அழுத்தாத சின்னம் தெரிந்தால், எழுத்துப்பூர்வமாக உறுதிமொழி அளித்துச் சோதனை வாக்குக் கோரலாம். பொய்ப்புகாருக்குத் தண்டனை உண்டு என்பதால் உறுதியாகக் கண்டவரே இதைக் கூற வேண்டும்.

எவரையும் விரும்பாவிடில்: 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி 'நோட்டா' பொத்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இத்தகையோர் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்ததால் இரகசியம் காக்கப்படவில்லை.

நேரம் முடிந்துவிட்டால்: வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் அனைவரும் வாக்களிக்க உரிமையுடையோர். அவர்களுக்கு எண்ணிட்ட சீட்டுகள் வழங்கப்படும்.

வேலைக்குச் செல்வோர்: வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் கூடிய விடுமுறை அளிக்க வேண்டும் என்பது 1996இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு. தினக்கூலித் தொழிலாளருக்கும் இது பொருந்தும். நம்மில் கடை, தொழிற்கூடம் நடத்துவோர் தம் ஊழியர்களுக்கு இதை வழங்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கு 2010ஆம் ஆண்டின் திருத்தம் தனி வழி அமைத்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர்கள் படிவம் 6ஏ மூலம், கடவுச்சீட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்யலாம். தேர்தல் நாளில் ஊரில் இருந்தால், அசல் கடவுச்சீட்டைக் காட்டி நேரில் வாக்களிக்கலாம்.

ஜமாஅத் எங்கே நிற்க வேண்டும்?

உரிமையைப் பற்றிப் பேசும்போது நம் எல்லையையும் கூறியாக வேண்டும். இன்னாருக்கு வாக்களிக்காவிடில் ஊர்விலக்கம் செய்வோம் என்று அச்சுறுத்துவதும், இறைவனின் கோபத்திற்கு ஆளாவாய் என்று கூறி ஒருவரது வாக்கை வளைப்பதும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி முறையற்ற செல்வாக்கு என்னும் ஊழல் நடவடிக்கையாகும். வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களின் இசைவுடன் பிறரோ இதைச் செய்திருந்தால் தேர்தலே செல்லாததாகக்கூடும். வேட்பாளரின் சமயத்தையோ வாக்காளரின் சமயத்தையோ கூறி வாக்குக் கேட்பதும் கூடாது என்று 2017 ஜனவரி 2ஆம் நாள் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலத்தை அரசியல் நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அனைத்துச் சமயத்தாரின் நிறுவனங்களுக்கும் இச்சட்டங்கள் பொதுவானவை.

எனவே யாருக்கு வாக்களிப்பது என்று கூறும் இடத்தில் ஜமாஅத் இல்லை. கணவன் மனைவிக்குக் கட்டளையிடுவதும் முறையன்று. இரகசிய வாக்கு என்பது வீட்டாரிடமிருந்தும் காக்கப்பட வேண்டிய இரகசியமே. ஆனால் மஹல்லாவில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதும், படிவம் நிரப்பத் தெரியாதவர்க்கு நிரப்பித் தருவதும், மேல்முறையீட்டுக்கான கால வரம்பை நினைவூட்டுவதும் எந்தக் கட்சியையும் சாராத பொதுப்பணியாகும். அதில் நாம் தயங்க வேண்டியதில்லை.

முடிவாக

நூறு பேரில் மூவருக்கே வாக்கு இருந்த காலத்திலிருந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற நிலைக்கு இந்நாடு வந்துள்ளது. பெயர் சொல்லாததால் 28 இலட்சம் தாய்மார்கள் விடுபட்டனர். நிரூபிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தபோது சாதாரண மக்கள் நீதிமன்றம் சென்று தங்கள் பெயரைக் காத்துக்கொண்டனர். இவ்விரண்டும் நமக்குப் பாடங்களாகும்.

ஆகவே ஜமாஅத்தார்கள் ஒவ்வொருவரும் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். வீட்டிலுள்ள வாக்காளர் அனைவரின் பெயரையும் நடப்புப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆவணங்களில் உள்ள பெயர் வேறுபாடுகளைத் தேர்தல் அறிவிக்கப்படும் முன்னரே திருத்திக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடியில் இடையூறு நேர்ந்தால் வாதாடாமல், திரும்பியும் விடாமல், தலைமை அலுவலரிடம் சென்று விதியைக் கூறிப் பணிவுடன் கேளுங்கள்.

அந்த மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் சொன்ன அந்த அடுத்த தேர்தல் வருவதற்குள் அவர் மறைந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்குரிய விடையை இத்தனை ஆண்டுகள் கழித்து இப்பக்கங்களில் எழுதியிருக்கிறோம். இனி ஒரு தாய் அதே வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டால், அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பாமல், மீண்டும் உள்ளே அழைத்துச் சென்று அவருடைய வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெற்றுத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.